தலைக்குள் இருப்பது யாருக்குச் சொந்தம்?

தலைவலி வந்தால் பற்றுப் போட்டு ஒரு துணியைக் கட்டிக்கொள்வோமே, பார்வைக்குக் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் இருக்கிறது. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை. உள்பக்கத்தில் நாலைந்து இடங்களில் பளபளவென்று சின்னச் சின்ன உலோகப் பொட்டுகள். அதைக் கட்டிக்கொண்டு படுத்தால், காலையில் எழுந்ததும் போன் கணக்குச் சொல்கிறது. இத்தனை மணி நேரம் ஆழ்ந்து தூங்கினீர்கள், இத்தனை தடவை விழித்தீர்கள் என்று! தியானத்தின்போது கட்டிக்கொள்ள ஒரு ரகம், படிக்கிற பிள்ளைக்குக் கவனம் நிற்கிறதா என்று பார்க்க ஒரு ரகம், தூக்கம் வராதவர்களுக்கு ஒரு ரகம். மேல்நாடுகளில் டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது.

நமக்கெதற்கு இந்த ஊர் வம்பு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே. மிக்ஸி, தையல் மெஷின் மாதிரி இது வெறும் சாமான் சமாசாரமாக இருந்தால் நானும் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தப் பட்டை எழுதுகிற கணக்கு பெரும்பாலும் உங்கள் போனோடு நிற்பதில்லை. அதை விற்ற கம்பெனிக்கும் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து எங்கே போகிறது? யார் பார்க்கிறார்கள்? அழித்துவிடு என்று சொன்னால் கேட்பார்களா? இந்தக் கேள்விகளையெல்லாம் ஒரு சட்டமாக்கி, 2024 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கவர்னர் ஜாரெட் போலிஸ் கையெழுத்துப் போட்டார். மூளையிலிருந்து எடுக்கிற விவரத்துக்கு அந்த நாட்டில் ஒரு மாநிலம் சட்டக் காவல் போட்டது அதுதான் முதல் தடவை.

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். சட்டம், விஞ்ஞானம் இரண்டும் நமக்கு எட்டாத உயரம் என்று நினைத்தவள்தான். ஆனால் இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, இதிலே வக்கீலை விட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டியது வீட்டுப் பெண்களுக்குத்தான் என்று தோன்றிவிட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டை என்ன செய்கிறது?

மூளை வேலை செய்யும்போது அதில் மிகமிகச் சன்னமான மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு சன்னம் என்றால், ஒரு வோல்ட்டை லட்சம் கூறாகப் போட்டால் அதில் சில கூறுதான் மண்டைத் தோல் வரை வந்து சேரும். டார்ச் லைட்டுக்குப் போடுகிற சின்ன பாட்டரியே ஒன்றரை வோல்ட்! இந்தத் துளியூண்டு மின்சாரத்தை மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மனநோய் டாக்டர். யேனா என்ற ஊரில், 1924-ல். பதிவு செய்தவர் உடனே பறைசாற்றவில்லை. ஐந்து வருஷம் பொறுத்து 1929-ல்தான் வெளியிட்டார். அதுதான் இன்றைக்கு நம் ஆஸ்பத்திரிகளில் தலையில் களிம்பு தடவி ஒயர் ஒயராக ஒட்டி எடுக்கிறார்களே, அந்த ஈ.இ.ஜி. பரிசோதனை.

கண்ணை மூடி நிம்மதியாக இருந்தால் விநாடிக்கு 8 முதல் 13 தடவை ஏறி இறங்குகிற அலை வரும். ஆழ்ந்த தூக்கத்தில் பெரிய பெரிய, மெதுவான அலை. வலிப்பு வரக்கூடிய மூளையில் நடுநடுவே ஊசி நிறுத்தினாற்போலக் கூரான கோடுகள் தென்படலாம். ஆஸ்பத்திரி மெஷினில் ஒயர்கள் அதிகம், பட்டையில் கம்மி. ஆனால் எடுக்கிற சரக்கு ஒன்றுதான்.

அப்படியென்றால் நாம் நினைப்பதையெல்லாம் படித்துவிடுமா? நாத்தனார் வந்து போனபோது மனசுக்குள் சொல்லிக்கொண்டதெல்லாம் கம்பெனிக்காரனுக்குத் தெரிந்துவிடுமா? அந்த அளவுக்கு இல்லை, பயப்படாதீர்கள். 2023-ல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில், ஒருவர் காதால் கேட்கிற கதையின் சாரத்தை அவருடைய மூளைப் பதிவிலிருந்து வார்த்தைகளாக எழுதிக் காட்டினார்கள். ஆனால் அதற்கு ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் ஸ்கேன் மெஷினில் ஒவ்வொருவரும் சுமார் 16 மணி நேரம் படுத்துக் கதை கேட்க வேண்டியிருந்தது. அவர் ஒத்துழைக்காமல் மனசுக்குள் வேறு எதையாவது நினைத்துக்கொண்டால் மெஷின் தடுமாறிவிட்டது. நெற்றிப் பட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2012-லேயே சில ஆராய்ச்சியாளர்கள், விளையாட்டுக்காகக் கடையில் விற்ற ஒரு தலைக் கருவியை ஆட்களுக்கு மாட்டி, எண்கள், பாங்குகள், முகங்கள் என்று படம் படமாகக் காட்டினார்கள். தெரிந்த ஒன்றைப் பார்த்ததும் மூளை ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள், "அட, இது நமக்குத் தெரிஞ்சதாச்சே!" என்று ஒரு துள்ளு துள்ளும். வாய் பேசாது, முகம் காட்டாது, அலை காட்டிவிடும். அந்தத் துள்ளலை வைத்து, அவர் எந்த பாங்கில் கணக்கு வைத்திருக்கிறார் என்பது மாதிரி சங்கதிகளைக் குருட்டாம்போக்கில் சொல்வதை விடக் கொஞ்சம் சரியாகவே ஊகிக்க முடிந்தது. எல்லாம் பலிக்கவில்லை. பலித்த மட்டும் போதாதா, கவலைப்பட?

ஆஸ்பத்திரிக்குக் காவல், கடைக்கு இல்லை

அமெரிக்காவில் நோயாளியின் விவரத்தைக் காப்பாற்ற 1996-லேயே ஒரு மத்திய சட்டம் வந்துவிட்டது. 'ஹிப்பா' என்பார்கள். ஆனால் அது கட்டுப்படுத்துவது டாக்டரை, ஆஸ்பத்திரியை, மருத்துவ இன்ஷூரன்ஸ்காரரை. கடையில் பட்டை விற்கிற கம்பெனி இந்த மூன்றில் எதிலும் சேராது. ஆக, ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.இ.ஜி.க்குப் பூட்டு உண்டு. வீட்டில் நீங்களே கட்டிக்கொண்ட பட்டை எடுத்த அதே அலைக்குப் பூட்டு இல்லை. கம்பெனி அச்சடித்துக் கொடுக்கிற நிபந்தனைகள்தான் சட்டம்.

அந்த நிபந்தனைகள் எப்படி இருந்தன? மூளை உரிமைகளுக்காக ஓர் அறக்கட்டளை இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழக நரம்பியல் விஞ்ஞானி ரஃபேல் யூஸ்டே அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவர்கள் இம்மாதிரிக் கருவி விற்கும் 30 கம்பெனிகளின் நிபந்தனைகளை வரி வரியாகப் படித்து 2024 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டார்கள். 30-ல் 29 கம்பெனிகள், வாங்கினவரின் மூளை விவரத்தைச் சொல்லும்படியான கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் எடுத்துக்கொள்ள வழி வைத்திருந்தன. முப்பதுக்கு இருபத்தொன்பது! நாம் கடையில் வெண்டைக்காய் வாங்கும்போது கூட இவ்வளவு சொத்தை பார்த்ததில்லை.

கொலராடோ சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தவர்கள் கேத்தி கிப் என்ற அம்மையாரும் மாட் சோபர் என்பவரும். அவர் ஒரு கட்சி, இவர் எதிர்க்கட்சி. எதற்கெடுத்தாலும் எலியும் பூனையுமாக நிற்கிற அந்த இரண்டு கட்சிகளும் இதில் ஒன்றாகக் கை தூக்கின. கீழ்ச் சபையில் 61-க்கு 1, மேல் சபையில் 34-க்கு 0.

அந்த மாநிலத்தில் 2021-ல் இயற்றி 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த தனிமைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. மதம், உடல்நிலை, தாம்பத்திய விஷயங்கள் போன்றவற்றை அது 'நுட்பமான விவரம்' என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தது. புதுச் சட்டம் அந்தப் பட்டியலில் உடம்பின் விவரத்தையும் அதற்குள் நரம்பின் விவரத்தையும் சேர்த்தது. நரம்பு என்றால் மூளையும் முதுகுத் தண்டும் மட்டும் இல்லை. கை கால்களுக்கு ஓடுகிற நரம்புகளும் சேர்ந்தவை. மணிக்கட்டில் பட்டை கட்டி, விரல் அசைவதற்கான நரம்புச் செய்தியைப் படிக்கிற கருவிகளும் இப்போது வந்துவிட்டன அல்லவா, அதனால்.

இதனால் வாங்குபவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், கம்பெனி முதலில் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதையும் நாற்பது பக்கம் நிபந்தனைக்கு நடுவில் ஒளித்துவைத்துக் கேட்டால் செல்லாது. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு என்று கேட்கலாம். தப்பைத் திருத்தச் சொல்லலாம். அழிக்கச் சொல்லலாம். கேட்டால் 45 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

என் அக்கா மகள் டென்வர் நகரத்துப் பக்கத்தில் இருக்கிறாள். பிள்ளை பெற்ற பிறகு தூக்கம் கெட்டுப்போய் இந்தப் பட்டை ஒன்றை வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "சித்தி, இது என்னென்னவோ கேக்குது, படிக்கட்டுமா?" என்றாள். படித்தாள். மூளை அலையை எடுக்கச் சம்மதமா என்று தனியாக ஒரு கேள்வி. ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று இன்னொன்று. "போன வருஷம் கைக்கடிகாரம் வாங்கினப்போ இப்படியெல்லாம் கேக்கலை சித்தி. கடைசியில ஒரே ஒரு சம்மதம்தான். அதை அமுக்கினாத்தான் கடிகாரமே ஓடும்."

"நீ என்னடி பண்ணினே?"

"ஆராய்ச்சிக்கு வேண்டாம்னு போட்டேன். அப்படியும் பட்டை நல்லாத்தான் வேலை செய்யுது!"

வேண்டாம் என்று சொன்னாலும் சாமான் வேலை செய்யும். இந்தச் சின்ன விஷயம் அவளுக்குத் தெரிந்ததே அந்தத் தனிக் கேள்வியால்தான்.

இதற்கு ஏன் இத்தனை பதற்றம்?

"தூக்கக் கணக்குத்தானே, போனால் போகட்டுமே" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஆண்களுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கள் தெருவில் பல வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். உங்களுக்கும் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயசில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. ஈ.இ.ஜி. எடுத்து, மூன்று வருஷம் மாத்திரை கொடுத்து, டாக்டரே நிறுத்திவிட்டார். அப்புறம் வரவேயில்லை. நன்றாகப் படித்தாள், நல்ல வேலை, நல்ல இடத்தில் சம்பந்தம் பேசி முடிந்தது. பரிசோதனை நடந்த இடத்தில் வேலை பார்த்த ஒருவர் பிள்ளை வீட்டுக்குத் தூரத்து உறவு. ஒரு கல்யாண வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்குத் தலையில ஒயர் வெச்சுப் பார்த்திருக்காங்களே!" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அவருக்கு அது ஒரு வாய்க்குச் செய்தி. நிச்சயதார்த்தத் தட்டு திரும்பி வந்தது. அந்தத் தாயார் ஆறு மாசம் கோயிலுக்குக் கூட வெளியே வரவில்லை.

"முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?" என்பீர்கள். அந்த வாதம் எனக்கும் தெரியும். சொல்லியிருக்கலாம். அவள் சொல்வதாகத்தான் இருந்தாளாம், பிள்ளையிடம் நேரில். அதற்கு ஒரு வேளை, ஒரு விதம் இருக்கிறது. அவள் வாயால் வரவேண்டிய சொல்லை வேறொருவர் எடுத்துக் கொடுத்துவிட்டார், அதுதான் அநியாயம். இன்னொன்றும் கவனியுங்கள். வலிப்பைச் சொல்லி ஒரு கல்யாணத்தையே செல்லாது என்று கேட்க இடம் கொடுத்த வார்த்தை நம்முடைய ஹிந்து திருமணச் சட்டத்திலேயே 1999 வரை இருந்தது. அந்த வருஷத்துத் திருத்தத்தில்தான் எடுத்தார்கள். சட்டம் மாறிவிட்டது, தெரு மாறவில்லை.

ஆஸ்பத்திரி என்றால் ஒரு டாக்டர், ஒரு ரிக்கார்டு அறை, வாய் தவறின ஒரு ஆள். கம்பெனி என்றால்? லட்சக்கணக்கானவர்களின் ராத்திரிகள் ஒரே இடத்தில் கிடக்கின்றன. இன்றைக்கு 'தூக்கம் சரியில்லை' என்று மட்டும் படிக்கத் தெரிந்த அதே கோடுகளை, பத்து வருஷம் கழித்து இன்னும் கெட்டிக்கார மெஷின் வேறு விதமாகப் படிக்கும். மறதி நோயின் ஆரம்பம், மனச்சோர்வு என்று நாம் கொடுத்தபோது கொடுப்பதாக நினைக்காததையெல்லாம் அது எடுக்கலாம். பாங்க் ரகசிய எண் போனால் வேறு எண் போட்டுக்கொள்வோம். மூளையை எந்தக் கடையில் மாற்றுவது?

பிள்ளைகளை வைத்தும் இது நடந்திருக்கிறது. 2019-ல் கிழக்குச் சீனாவில் ஜெஜியாங் மாகாணத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் குழந்தைகளின் நெற்றியில் இந்தப் பட்டையைக் கட்டி, கவனம் நிற்கிறதா சிதறுகிறதா என்று நெற்றி விளக்கின் நிறத்தால் டீச்சருக்குக் காட்டினார்கள். சேதி வெளியே வந்ததும் பெரிய கூச்சல். அந்த வட்டாரக் கல்வி இலாகா நிறுத்தச் சொல்லிவிட்டது. வகுப்பில் ஜன்னல் வழியே காக்காயைப் பார்த்ததுகூட ரிக்கார்டில் ஏறினால் அந்தக் குழந்தை எங்கே போகும், பாவம்.

தன் தலையைத் திரும்பக் கேட்ட செனட்டர்

கொலராடோவுக்கு முன்னாலேயே இதில் இறங்கிய நாடு ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில், வரைபடத்தில் புடவை முந்தானை மாதிரி நீளமாகத் தொங்குமே, சிலி. 2021 அக்டோபரில் அரசியல் சாசனத்தையே திருத்தி, மூளையின் செயலையும் அதிலிருந்து வரும் விவரத்தையும் காப்பது சட்டத்தின் கடமை என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் கிடோ ஜிராடி என்ற செனட்டர். தொழிலால் டாக்டர்.

அவர் பதவியிலிருந்து விலகின பிறகு, எமோடிவ் என்ற கம்பெனியின் தலைக் கருவி ஒன்றை வாங்கி உபயோகித்தார். இலவச வகைக் கணக்குத்தான் வைத்திருந்தார். தன்னுடைய மூளைப் பதிவைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், முடியாதாம்! பணம் கட்டினவர்களுக்குத்தான் அந்த வசதி. பதிவோ கம்பெனியின் கிடங்கில். கோர்ட்டுக்குப் போனார். நீங்கள்தான் நிபந்தனைகளுக்குச் சம்மதித்தீர்களே, பெயரையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் வைத்திருக்கிறோம் என்றது கம்பெனி. சிலியின் சுப்ரீம் கோர்ட் 2023 ஆகஸ்டில், ஜிராடியின் மூளை விவரத்தை அழித்துவிடும்படி தீர்ப்புச் சொன்னது. ஆராய்ச்சிக்கு வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக, வெளிப்படையாகச் சம்மதம் வாங்கு என்பதுதான் சாரம். எனக்குப் பிடித்துப்போன தீர்ப்பு. சாமானை வாங்கினோம் என்பதற்காக நம்மையும் சேர்த்து விற்றுவிட்டதாக ஆகிவிடுமா?

உடம்பின் மற்ற விவரங்களும் இதே கதைதான். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் மரபணுவைப் பார்த்து வம்சாவளி சொல்கிற 23அண்ட்மீ என்ற அமெரிக்கக் கம்பெனியில், 2023-ல் திருடர்கள் நுழைந்தது சுமார் 14 ஆயிரம் கணக்குகளில்தான். ஆனால் உறவினர்களைக் கோத்துக் காட்டுகிற வசதி ஒன்று இருந்ததால் 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போய்விட்டது. அண்ணன் கதவைத் திறந்து வைத்தால் தங்கை வீட்டில் திருட்டு! 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனுப் போட்டது. சுமார் ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு விவரம் கடனுக்கு ஈடான சொத்தோடு சொத்தாக ஏலத்துக்கு வந்தது. கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே, உங்கள் விவரத்தை அழிக்கச் சொல்லுங்கள் என்று ஜனங்களை எச்சரித்தார். முடிவில் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஆன் வோஜிட்ஸ்கியின் லாப நோக்கமற்ற ஸ்தாபனம் 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது.

மாதவிலக்குத் தேதியைக் குறித்து வைக்க உதவும் ஃப்ளோ என்ற போன் வசதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்துக் கோடிக்கு மேல் பெண்கள் உபயோகித்தது. ரகசியமாக வைப்போம் என்று சொல்லிவிட்டு, கர்ப்பம் போன்ற விவரங்களை விளம்பரக் கணக்குப் பார்க்கும் வேறு கம்பெனிகளுக்கு அனுப்பியது என்று அமெரிக்க மத்திய வாணிபக் கமிஷன் குற்றம் சாட்டி, 2021 ஜனவரியில் சமரச உடன்பாடு ஏற்பட்டது. அம்மாவிடம் கூடச் சொல்லக் கூசுகிற சங்கதி அது.

சட்டத்திலும் ஓட்டை

கொலராடோ சட்டத்தைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. உடம்பு விவரம் என்று அதில் எழுதியிருக்கும் விளக்கத்தின் வாலில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: அந்த விவரம், ஆளை அடையாளம் காண்பதற்காக உபயோகிக்கப்படுவதாக அல்லது உபயோகிக்க எண்ணியதாக இருக்க வேண்டும். நரம்பு விவரமும் அந்த விளக்கத்துக்குள்தான் வருகிறது. அப்படியானால், "நாங்கள் அலையை வைத்து ஆளை அடையாளம் பார்க்கவில்லையே, தூக்கத்தைத்தானே பார்க்கிறோம்" என்று ஒரு கம்பெனி வாதாடலாம். விவரம் தெரிந்தவர்கள் இதை அப்போதே சுட்டிக் காட்டினார்கள். ஒரு வீட்டுக்கு நல்ல பூட்டாக வாங்கிப் போட்டு, திருடன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு மட்டும் திறக்காதே என்றால் எப்படி?

இன்னொரு குறை. சட்டத்தை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 20 ஆயிரம் டாலர் வரை அபராதம் போட முடியும். ஆனால் வழக்குப் போட வேண்டியவர் அட்டர்னி ஜெனரலோ மாவட்ட அரசு வக்கீலோதான். நஷ்டப்பட்ட பெண்மணி இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே கோர்ட்டுப் படி ஏற முடியாது.

கலிபோர்னியா 2024 செப்டம்பரில் தன் சட்டத்தில் நரம்பு விவரத்தைச் சேர்த்தது. 2025 ஜனவரி முதல் அமல். அங்கே அடையாளம் என்ற வால் கிடையாது, அது நல்லது. ஆனால் முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்ற கண்டிப்பும் இல்லை. இவ்வளவோடு நிறுத்திக்கொள் என்று வாங்கினவர்தான் போய்ச் சொல்ல வேண்டும். மாண்டானா மாநிலச் சட்டம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கனெக்டிகட் 2025-ல் இயற்றிய சட்டம் மூளை, முதுகுத் தண்டோடு நின்றுவிட்டது. கை கால் நரம்பைச் சேர்க்கவில்லை. ஆளுக்கு ஒரு அளவுப் படி வைத்து அளக்கிறார்கள். டென்வரிலிருந்து வீடு மாற்றிப் பக்கத்து மாநிலத்துக்குப் போனால் என் அக்கா மகளின் தலைக்கு வேறு சட்டம், அல்லது சட்டமே இல்லை.

நம் நாட்டில் என்ன என்று கேட்பீர்கள். போலீஸ் விசாரணையில் மூளை அலைப் பரிசோதனையைச் சம்மதம் இல்லாமல் யாருக்கும் செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2010 மே மாதத்தில், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குக் கிடைத்த அந்தக் காவல், பட்டை வாங்குகிறவருக்குத் தனியாகக் கிடையாது. 2023-ல் வந்த தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் எல்லா விவரத்துக்கும் சம்மதம் வேண்டும் என்கிறது. அழிக்கக் கேட்கும் உரிமையும் தருகிறது. ஆனால் மூளை, மரபணு என்று பிரித்து உயர்ந்த காவல் எதுவும் வைக்கவில்லை. முகவரிக்கும் மூளைக்கும் ஒரே பெட்டி. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளையோ பெண்ணோ, "அம்மா, உனக்குத் தூக்கம் வரலைன்னியே" என்று ஒரு பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தூக்கம் கெட்டவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். கட்டிக்கொள்ளும் முன் பிள்ளையையே உட்கார வைத்து, பதிவு போனோடு நிற்கிறதா, கம்பெனிக்குப் போகிறதா என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள். போகாமல் நிறுத்த வழி இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாகத் தானாகவே குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். உபயோகித்து அலுத்துப்போய் யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், முதலில் கணக்கை மூடி, உள்ளே இருப்பதை அழிக்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பட்டையைப் பரணில் போட்டுவிட்டால் கணக்கும் பரணுக்குப் போய்விட்டதாக அர்த்தமில்லை.

அழிக்கச் சொல்ல வக்கீல் வேண்டியதில்லை. கொலராடோவில் இருக்கும் உங்கள் பெண்ணோ மருமகளோ கம்பெனிக்கு எழுத வேண்டியது இரண்டு வரிதான்: "என் உடலிலிருந்தும் நரம்பிலிருந்தும் நீங்கள் எடுத்து வைத்திருக்கும் விவரம் அனைத்தின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். அனுப்பிய பின் உங்களிடமும், நீங்கள் யாரிடம் கொடுத்தீர்களோ அவர்களிடமும் இருப்பதை அழித்துவிட்டு, அழித்த விவரத்தை எழுத்தில் தெரிவியுங்கள்." தேதி போட்டு, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 45 நாள் கணக்கு, கம்பெனிக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து.